எல் யூங்கே மழைக்காடு: ஒரே நாளில் ஒழுங்காகப் பார்த்துவர முழுமையான வழிகாட்டி

கரீபியக் கடலில் அமெரிக்காவின் ஆட்சிப்பகுதியான புவேர்ட்டோ ரிக்கோ தீவின் வடகிழக்கு மூலையில், லுக்கியோ மலைத்தொடரின் மேல் இருக்கிறது எல் யூங்கே தேசிய வனம். அமெரிக்க தேசிய வனங்களில் வெப்பமண்டல மழைக்காடு இது ஒன்றுதான். தலைநகரான சான் ஹுவானின் விமான நிலையத்திலிருந்து காரில் முக்கால் மணி நேரம், நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம். போய்ச் சேருவதில் சிரமமில்லை. ஆனாலும் முதல்முறை வருகிறவர்களில் பாதிப்பேர் அருவிக்கு எதிரே வண்டி நிறுத்த இடம் தேடியே களைத்து, உச்சிக்குப் போனால் வெறும் வெள்ளை மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். எந்த இடத்துக்கு எப்போது போவது என்ற வரிசை தவறுவதுதான் காரணம்.

1. சாலையைப் புரிந்துகொள்ளுங்கள்

காட்டுக்குள் போகும் முக்கியச் சாலை ஒன்றே ஒன்று: 191-ஆம் எண். வடக்கே பால்மர் என்ற சிற்றூரில் தொடங்கி மலையேறி, 13-ஆவது கிலோமீட்டர் அருகே அடைத்த கதவில் முடிகிறது. 1970-களில் நடந்த மண்சரிவில் நடுப்பகுதி போய்விட்டது. தெற்கே நகுவாபோ பக்கம் மிச்சச் சாலை இருக்கிறது, ஆனால் இரண்டும் சேராது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே எண் இருப்பதால் தெற்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கிருந்து மலையைச் சுற்றித்தான் வடக்கே வர வேண்டும்.

ஆகவே கைபேசி வரைபடத்தில் ‘எல் யூங்கே’ என்று மட்டும் தேடாதீர்கள். அது சிகரத்தையோ வேறெதையோ காட்டும். ‘எல் போர்ட்டல்’ என்ற வரவேற்பு மையத்தைக் குறியுங்கள். 191-இல் நான்காவது கிலோமீட்டரைத் தாண்டியதும் இருக்கிறது.

சாலையோரத்தில் கிலோமீட்டர் பலகைகள் இருக்கும். இங்கே இடங்களின் முகவரியே அதுதான்: லா கோக்கா அருவி 8.1, யோக்காஹு கோபுரம் 8.8, ஹுவான் தியேகோ அருவி 9.8, சியரா பாம் நிறுத்தம் 11.3, பாலோ கொலராடோ 11.8. இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் கைபேசி சிக்னல் பெரும்பாலும் இருக்காது.

ஒரு வேடிக்கை: தூரப் பலகை கிலோமீட்டரில், வேக வரம்பு மைலில், பெட்ரோல் லிட்டரில். வேக வரம்பு 35 என்று கண்டால் அது மணிக்கு 35 மைல். காரின் மானியும் மைலில்தான் இருக்கும்.

2. முதல் நாளே முடிக்க வேண்டியவை

*ஆவணம்.* அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து சான் ஹுவானுக்குப் போவது உள்நாட்டுப் பயணம். குடியேற்றச் சோதனை கிடையாது. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டையும் விசா தாள்களையும் எடுத்துப்போவது நல்லது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேராக வருகிறவர்களுக்கு அமெரிக்க விசாவே வேண்டும். புவேர்ட்டோ ரிக்கோவுக்கென்று தனி விசா இல்லை.

*எந்தப் பாதை திறந்திருக்கிறது?* வனப்பணித் துறையின் இணையதளத்தில் இதை முந்தின நாள் இரவே பார்த்துவிடுங்கள். 2017 செப்டம்பரில் வந்த மரியா புயல் பல பாதைகளைச் சிதைத்தது. பழைய படங்களில் எல்லோரும் குளிக்கிற லா மினா அருவிக்குப் போகும் பாதை பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேராக அங்கே போய் நின்று ஏமாறுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கனமழைக்குப் பின் மற்ற பாதைகளும் ஓரிரு நாள் மூடப்படும். வாயில் திறக்கும், மூடும் நேரமும் அதே தளத்தில் இருக்கும்.

*முன்பதிவு.* கொரோனா காலத்தில் கொண்டுவந்த முன்பதிவுச் சீட்டை 2023-இல் எடுத்துவிட்டார்கள். பழைய காணொளிகள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகின்றன. இப்போது வந்தவர் முந்தி. உள்ளே வண்டி நிறுத்துமிடம் நிறைந்தால் வாயிலை அடைத்துவிடுவார்கள். காட்டுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எல் போர்ட்டல் மையத்துக்கு மட்டும் உண்டு. 2022-இல் புதுப்பித்துத் திறந்தபோது 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 8 டாலர் வைத்தார்கள். அமெரிக்க தேசியப் பூங்காக்களின் ஆண்டு அனுமதி அட்டை இருந்தால் அதுவே போதும்.

*வண்டி.* காட்டுக்குப் பொதுப் பேருந்து கிடையாது. ஊபரில் மேலே போய் இறங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது சிக்னலும் இருக்காது, வண்டியும் வராது. வாடகைக் கார் அல்லது சுற்றுலா வேன், இரண்டில் ஒன்றுதான். சிறிய கார் போதும். சாலை முழுக்கத் தார் போட்டது. குறுகலான வளைவுகளில் பெரிய வண்டிதான் தொல்லை. சுங்கச்சாலைக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் பட்டை காரில் இருக்கிறதா, அதற்கு நாள் கணக்கில் எவ்வளவு என்று வாடகை நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். வேகமாகப் போகும் 66-ஆம் சாலை சுங்கச்சாலை. 3-ஆம் சாலையில் காசு இல்லை, ஆனால் வழிநெடுக சிக்னல் விளக்குகள்.

3. மாதமும் கிழமையும்

மழையில்லாத மாதம் என்று ஒன்று இங்கே இல்லை. சிகரங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் வரை பெய்யும் காடு இது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒப்பிட்டால் குறைவு. மே மாதத்திலும், ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரையும் அதிகம். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. மழை குறைந்த மாதங்களில்தான் கூட்டமும் அதிகம். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தால் மாதத்தைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

4. பையில் என்ன, ஏன்

காலணியிலிருந்து தொடங்குங்கள். நடைபாதைகளில் பல சிமெண்டும் கல்லும் பாவியவை. பார்த்தால் தெரு நடைபாதை மாதிரி இருக்கும், ஆனால் மேலே கண்ணுக்குத் தெரியாத பாசி. செருப்பு, தேய்ந்த ஷூ இரண்டுமே வழுக்கும். அடிப்பாகத்தில் ஆழமான வரி இருக்கும் ரப்பர் காலணிதான் வேண்டும். நனைந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய ஜோடியாக இருக்கட்டும், நனையத்தான் போகிறது.

ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் கனக்கும், நாள் முழுக்கக் காயாது. சீக்கிரம் காயும் துணி, மெல்லிய மழைச்சட்டை, வண்டியில் ஒரு மாற்று உடை. குடை உதவாது: உச்சியில் காற்று மடக்கிவிடும், காட்டுக்குள் கிளையில் மாட்டும். கடற்கரையில் வியர்த்து வழிந்தாலும் மேலே மேகத்துக்குள் நனைந்து நின்றால் குளிரும். குழந்தைகளுக்கு ஒரு முழுக்கைச் சட்டை கூடுதலாக வையுங்கள்.

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர். ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் குடிக்கக் கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கைபேசிக்கு நீர்புகாத உறை, அல்லது ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. கொசு விரட்டி கட்டாயம், இந்தத் தீவில் டெங்கு உண்டு. ஆனால் ஆற்றில் இறங்கும் உத்தேசம் இருந்தால் அதைத் தோலில் பூசாமல் துணியில் மட்டும் தெளித்துக்கொள்ளுங்கள். பூசினால் ஆற்று இறாலும் தவளையும் வாழும் தண்ணீரில்தான் அந்த மருந்து கலக்கும்.

5. காலைப் புறப்பாடு

வாயில் திறக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பே பால்மரை எட்டிவிடுங்கள். பெட்ரோல், தண்ணீர், காலைச் சாப்பாடு எல்லாம் 3-ஆம் சாலையிலோ பால்மரிலோ முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் பெட்ரோல் நிலையம் கிடையாது. வரைபடத்தையும் இங்கேயே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

போகிற வழியில் எல் போர்ட்டலில் நிற்க வேண்டாம். கூரைக்குள் இருந்தபடியே நேரம் போக்க வசதியான இடம் அது. மழை கொட்டும் மதியத்துக்கு அதை மிச்சம் வையுங்கள்.

6. முதலில் உச்சி: மவுண்ட் பிரிட்டன்

புதியவர்கள் 8.1-இல் சாலையை ஒட்டியே விழும் லா கோக்கா அருவியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்துவார்கள். பிறகு கோபுரம், பிறகு அடுத்த அருவி. உச்சிக்கு வரும்போது மணி பதினொன்று. அதற்குள் பாதை தொடங்கும் இடத்திலிருக்கும் சில நிறுத்தங்களும் நிறைந்திருக்கும், மேகமும் இறங்கியிருக்கும்.

நீங்கள் எண்களைத் தலைகீழாகப் படியுங்கள். எங்கும் நிற்காமல் மேலே போய், கடைசிக் கதவுக்குச் சற்று முன்னால் பிரியும் 9938-ஆம் கிளைச் சாலையில் திரும்புங்கள். மவுண்ட் பிரிட்டன் பாதை அங்கே தொடங்குகிறது.

காலை நேரம் ஏன் முக்கியம் என்றால், அட்லாண்டிக்கிலிருந்து வரும் வாணிபக் காற்று இந்த மலையில்தான் முதலில் மோதி மேலேறுகிறது. ஏறும் ஈரம் சுமார் 600 மீட்டரிலிருந்து மேகமாகிவிடும். வெயில் ஏற ஏற ஈரமும் கூடும். பாதை முடியும் இடத்திலுள்ள பிரிட்டன் பார்வைக் கோபுரம் இருப்பது 941 மீட்டரில். காலையில் கிடைக்கும் தெளிவு பத்து மணிக்கு மேல் கிடைப்பது அதிர்ஷ்டம்.

பாதை ஒரு பக்கம் 1.3 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் விடாத ஏற்றம். சாதாரணமாக நடந்தால் 45 நிமிடம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம், ஈரச் சிமெண்டில் சரிவாக இறங்க வேண்டும். ஒரு கைத்தடி இருந்தால் நல்லது.

நடக்கும்போது மரங்களின் உயரத்தைக் கவனியுங்கள். தொடக்கத்தில் சியரா பனை தலைக்கு மேலே வெகு உயரத்தில் நிற்கும், அடியில் சிவந்த வேர்கள் கூம்பாகக் கூடியிருக்கும். ஏற ஏற மரங்கள் குட்டையாகி, முறுக்கிக்கொண்டு, தண்டு முழுக்கப் பாசி போர்த்தி நிற்கும். கோபுரத்துக்குக் கிட்டே சில மரங்கள் ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். காற்றும் ஓயாத ஈரமும் சத்தில்லாத சேற்று மண்ணும் அவற்றை வளர விடுவதில்லை. அந்தப் பாசியை விரலால் அழுத்தினால் பஞ்சிலிருந்து வருவது மாதிரி நீர் வழியும். ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள், பெயர்த்தால் மறுபடி வளர நெடுங்காலம் ஆகும்.

கோபுரத்தில் ஏறியதும் மேகம் மூடியிருந்தால் உடனே இறங்கிவிடாதீர்கள். கால்மணி நேரம் நில்லுங்கள். காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் திடீரென்று ஓட்டை விழும், கடல் தெரியும், இரண்டு நிமிடத்தில் மூடிக்கொள்ளும். கைபேசியை உறையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்திருக்க வேண்டியது அப்போதுதான்.

வலுவுள்ளவர்கள் இங்கிருந்து கிளைப்பாதை வழியே எல் யூங்கே சிகரம் வரை போகலாம். அப்படிப் போனால் முழு முற்பகலும் அதற்கே. பாலோ கொலராடோ பக்கத்திலிருந்து சிகரத்துக்கு நேர்ப்பாதையும் உண்டு, ஒரு பக்கம் சுமார் 4 கிலோமீட்டர். சிகரத்தில் அலைபரப்புக் கோபுரங்கள் நிற்கும். முதல் வருகைக்கு பிரிட்டனே போதும் என்பது எங்கள் கருத்து.

7. இறங்கும் வழியில்

பாலோ கொலராடோவில் கழிவறை உண்டு. சாலையோரமாகவே பான்யோ கிராண்டே என்ற கல் கட்டிய பழைய குளம். பார்க்கத்தான், இறங்கக் கூடாது.

அடுத்து 9.8-இல் ஹுவான் தியேகோ. சாலையிலிருந்து சில நிமிட நடையில் சிறிய அருவி, சிறிய மடு. அங்கேயே நின்றுகொள்ளுங்கள். பக்கவாட்டில் மேலே ஒரு சேற்றுத்தடம் போகும். மேல் அருவி இன்னும் அழகு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது பராமரிக்கப்பட்ட பாதை அல்ல, வேரைப் பிடித்து ஏறும் சரிவு. ஏறும்போது பிடி கொடுத்த வேர் இறங்கும்போது வழுக்கும்.

யோக்காஹு கோபுரம் 98 படி. இதை மதியத்துக்கு விடுவதற்குக் காரணம் உயரம்: கோபுரம் நிற்கும் இடம் சுமார் 480 மீட்டர்தான். உச்சி மேகத்துக்குள் மறைந்த பிறகும் இங்கிருந்து லுக்கியோ கடற்கரை தெரியும். லா கோக்காவுக்கு ஐந்து நிமிடம் போதும். 26 மீட்டர் உயரத்திலிருந்து பாறையில் வழியும் அருவியைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். பாறையில் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்து நீங்களும் ஏற வேண்டாம், அந்தக் கருப்புப் பாறை கண்ணாடி மாதிரி வழுக்கும்.

எங்கே நிறுத்தினாலும் நான்கு சக்கரமும் தாரை விட்டு வெளியே இருக்கட்டும். எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடமிருக்காது. காருக்குள் பை எதையும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்.

8. ஆற்றில் இறங்கும் முன்

இங்கே உயிர் போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். ஆறுகள் நீளம் குறைந்தவை, சரிவோ செங்குத்து. உச்சியில் அரை மணி நேரம் கொட்டிய மழை சற்று நேரத்திலேயே கீழே வெள்ளமாக வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உள்ளூர்க்காரர்கள் இதை ‘கோல்பே தெ ஆகுவா’ என்கிறார்கள், தண்ணீரின் அடி என்று பொருள்.

அறிகுறிகள் வரிசையாக வரும். முதலில் தெளிந்த நீர் தேநீர் நிறமாகக் கலங்கும். பிறகு இலையும் சுள்ளியும் மிதந்து வரும். பிறகு மேலிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல். முதல் அறிகுறியிலேயே கரையேறுங்கள். மூன்றாவதுவரை காத்திருந்தால் நேரம் இருக்காது. உங்கள் பக்கத்துக் கரையிலேயே ஏறுங்கள், எதிர்க்கரையில் வைத்த செருப்புக்காகத் தாண்டாதீர்கள். அதனால்தான் பொருட்களை எப்போதும் பாதை இருக்கும் கரையில், உயரமான இடத்தில் வைக்கச் சொல்கிறோம். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே உட்காருங்கள், மழை நின்றால் வெள்ளம் வந்த வேகத்திலேயே வடியும்.

இறங்கும் முன் சிகரத்தை அண்ணாந்து பாருங்கள். கறுத்திருந்தால் குளியல் வேண்டாம். சந்தேகமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் ‘எஸ்தா கிரெசீதோ எல் ரியோ?’ என்று கேளுங்கள். ஆறு பெருகியிருக்கிறதா என்று அர்த்தம்.

மடுவில் தலைகீழாகக் குதிக்காதீர்கள். ஒவ்வொரு வெள்ளமும் அடியில் பாறைகளை இடம் மாற்றும். போன வருடக் காணொளியில் ஆழமாக இருந்த இடத்தில் இன்று கல் இருக்கலாம். காலில் புண் இருந்தால் இறங்காமல் இருப்பதே நல்லது.

9. வாயில் அடைத்திருந்தால்

காத்திருந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். 191-இலிருந்து பிரியும் 988-ஆம் சாலை வாயிலுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே ஆஞ்ஜெலீத்தோ பாதையில் சில நூறு மீட்டர் நடந்தால் மாமேயெஸ் ஆற்றில் லாஸ் தாமாஸ் என்ற மடு. உச்சிக் காட்சி கிடைக்காது, ஆனால் குளிக்க மேலே உள்ள எதையும்விட இது மேல். ஒரு மணி நேரம் குளித்துவிட்டு மீண்டும் வாயிலுக்குப் போய்ப் பாருங்கள். காலையில் வந்தவர்கள் வெளியேற வெளியேற உள்ளே விடுவது உண்டு.

10. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

நச்சால் ஆளைக் கொல்லும் பாம்பு இங்கே இல்லை. இருக்கும் பெரிய மலைப்பாம்பு வகையும் மனிதரைக் கண்டால் ஒதுங்கும். பயப்பட வேண்டியது கீரிக்குத்தான். 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட எலிகளை ஒழிக்கக் கொண்டுவந்த இந்தியக் கீரி, இன்று இந்தத் தீவில் வெறிநாய்க்கடி நோயைச் சுமக்கும் முக்கிய விலங்கு. ஊரில் பார்த்த பழக்கத்தில் பிஸ்கட் நீட்டாதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதையை விட்டு விலகினால் செந்தட்டி மாதிரி சுரீர் என்று அரிக்கும் ஒர்த்திகா செடி படும். பப்பாளி இலையைப் பெரிதாக்கியது போல இலையுள்ள யாக்ரூமோ மரத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். காற்று வலுத்தால் மரமே வெளுத்துத் தெரியும், மழைச்சட்டையை எடுத்துவிடலாம்.

கோக்கித் தவளை கட்டை விரல் அளவுதான். ஆண் தவளை தன் பெயரையே ‘கோ-கீ’ என்று இரண்டு சுரத்தில் கூவும். முழுக் கச்சேரி இருட்டிய பிறகு. பகலில் மழை விட்டதும் ஒன்றிரண்டு கேட்கும், தேடினால் கிடைக்காது.

11. சாப்பாடும் திரும்புதலும்

மதியம் இரண்டு மணிக்கு மேல் இறங்கி, அப்போது எல் போர்ட்டலில் நின்று, பிறகு கிழக்கே பத்து நிமிடத்தில் லுக்கியோவின் கியோஸ்கோக்கள். கடற்கரையை ஒட்டி வரிசையாகப் பல பத்துக் கடைகள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே ஏமாறுவது பீன்ஸில். சோறும் பீன்ஸும் என்று எழுதியிருக்கும், பீன்ஸ் பெரும்பாலும் பன்றித்தொடையோடு கொதித்திருக்கும். வாழைக்காயை இடித்துச் செய்யும் மொஃபோங்கோவிலும் பொரித்த பன்றித்தோல் சேர்ப்பது வழக்கம். ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல், ஆனால் அதை மட்டும் சொன்னால் ஹாம் இறைச்சிக் கணக்கில் வராமல் போகலாம். ‘சின் ஹமோன்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்பிக் கேட்கக்கூடியது தோஸ்தோனெஸ்: வாழைக்காயை வட்டமாக நறுக்கிப் பொரித்து, தட்டையாக அமுக்கி, மறுபடி பொரித்தது. எண்ணெய் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலப்பரப்புக்குத் திரும்பும் விமானத்துக்கு முன் சான் ஹுவானில் வேளாண் துறை பெட்டிகளைச் சோதிக்கும். சில பழங்களையும் செடிகளையும் எடுத்துப்போக விடமாட்டார்கள். சாலையோரத்தில் வாங்கிய மாம்பழத்தை விடுதியிலேயே தின்று தீர்த்துவிடுங்கள். காலணியில் ஒட்டிய காட்டுச் சேற்றை முதல் நாள் இரவே கழுவித் தாளைத் திணித்து வையுங்கள், ஈரத்தோடு பெட்டியில் போட்டால் வீடு சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.